நூற்றுப் பதினெட்டு டிகிரியைத் தாண்டிய ரொட்டி

பாலோ வெர்டே குடியிருப்பு,
ஆஹோ ஊருக்குத் தெற்கே,
அரிசோனா.
ஜூலை 28, திங்கள்கிழமை.

அன்புள்ள தம்பி லோவெலுக்கு,

உன் அக்கா பெர்னிஸ் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்பதை, இரத்த அழுத்தம் முதல் புல்வெட்டும் இயந்திரம் வரை, சென்ற கடிதத்தின் முதல் மூன்று பக்கங்களில் நீயே விரிவாகத் தெரிவித்துவிட்டபடியால், அதை மறுபடி கேட்டு உன் நேரத்தையும் என் மையையும் வீணாக்கவில்லை. நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். நம் மின்னசோட்டாவின் டுலூத் நகரத்து முதியோர் இல்லத்தில் எனக்கென்று ஓர் அறையை ஆகஸ்ட் முதல் தேதி வரை பிடித்துவைத்திருப்பதாகவும், அதற்கு ஒரு ஜன்னல் உண்டென்றும், அந்த ஜன்னல் வழியாகப் பனி வாரும் வண்டிகள் கொட்டகைக்கு வருவதும் போவதும் தெரியும் என்றும், ஆகவே எனக்கு நன்றாகப் பொழுது போகும் என்றும் எழுதியிருந்தாய். முப்பத்தெட்டு வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஒருத்திக்கு, பனி வாரும் வண்டி எந்த விதத்தில் பொழுதுபோக்கு என்பதைப் பிறகு விசாரிக்கிறேன். இப்போதைக்கு நீ அறிய வேண்டியது ஒன்றுதான்: அந்த அறைக்கு நான் வருகிறேனா இல்லையா என்பது நேற்று மாலை நான்கு மணிக்கு ஒரு ரொட்டித் தட்டில் தீர்மானமானது. எப்படி என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். நீயும் வழக்கம்போல் கடைசிப் பத்தியை முதலில் படிக்காமல் ஒழுங்காகப் படி.

நம் தங்கை ஆர்லீன் எனக்கு விட்டுப்போன இந்த வீட்டைப் பற்றி உனக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உயிலில் எழுதிவிட்டால் வீடு நமது என்று நினைக்கிறாய். மார்ச் மாதம் பெட்டியோடு இங்கே வந்து இறங்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடுதான் ஆர்லீனுடையது, நிலம் குடியிருப்புக்குப் பொது, அதில் யார் இருக்கலாம் என்பதற்கு இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இங்கே இருப்பவர்கள் என்னைச் சேர்க்காமல் இருபத்தாறு பேர். எல்லோரும் பச்சை உணவுக்காரர்கள். வேக வைப்பதில்லை, வறுப்பதில்லை, சுடுவதில்லை. நூற்றுப் பதினெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடு கண்ட எதுவும் உயிரிழந்த உணவு என்பது இவர்கள் கொள்கை. அந்த எண் எந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்று வந்த முதல் வாரமே கேட்டேன். "ஆரம்பத்துலேருந்தே அதான்," என்ற விடை கிடைத்தது. என் மாணவர்கள் இப்படி விடை எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். இங்கே அதைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

வழக்கம் என்று சொன்னேனே, அது இது: ஒரு வீட்டுக்குப் புதிதாக வருகிறவர், ஞாயிற்றுக்கிழமைப் பொதுப் பந்தியில், தம் கையால் செய்த ரொட்டியும் கொறிக்க ஏதாவது ஒன்றும் வைக்க வேண்டும். மூன்று ஞாயிறு அவகாசம், எந்த மூன்று என்பது வருகிறவர் விருப்பம். கை தூக்குவது, சீட்டுப் போடுவது எதுவும் கிடையாது. தட்டு காலியானால் வீடு உங்களுடையது. மூன்று முறையும் மிச்சத்தோடு திரும்பினால், மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கைகுலுக்கிவிட்டுப் போகலாம். மரியாதைக்காக யாரும் தின்னக் கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பு. இந்த நாட்டில் விருந்தினர் உண்மை பேசும் பந்தி இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஓவன் இல்லாமல் ரொட்டியா என்று நீ கேட்பாய். மற்ற ஊர்களில் இந்த மதத்தைச் சேர்ந்தவர்கள், மின்விசிறி வைத்த உலர்த்தும் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் மெல்லிய சூட்டில் ஒரு நாள் முழுக்க உலர வைக்கிறார்கள். இங்கேயும் வீட்டுக்கு வீடு இருந்ததாம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் பன்னிரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஓடியதில், சூரிய மின்கலங்கள் படுத்து, கிணற்று மோட்டார் நின்று, இருபத்தாறு பேரும் இரண்டு நாள் குளிக்காமலும் குடிக்காமலும் உலர்ந்த ஆப்பிள் வில்லைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பலகையில் இன்னொரு வரி: நெருப்பும் கூடாது, கம்பியும் கூடாது.

பலகையில் எழுதுகிறவள் வில்மா காஸ்வெல், எங்கள் செயலாளர், எனக்கு அடுத்த வீடு. எழுபது வயது. பத்தொன்பது வருடமாகச் சூடான எதுவும் அவள் வாய்க்குள் போனதில்லை. மருத்துவர் கழுத்தில் குழாய் தொங்குவதுபோல் அவள் கழுத்தில் சமையல் வெப்பமானி ஒன்று தொங்கும். பந்தியில் வைக்கும் ஒவ்வொரு பண்டத்திலும் அதைக் குத்தி, எண்ணைப் படித்து, நோட்டில் குறித்த பிறகுதான் யாரும் கை நீட்டலாம். அவள் சிரித்து நான் கண்டதில்லை. ஊறவைக்காத பாதாமைத் தின்றவனைப் பார்ப்பதுபோல் எல்லோரையும் பொதுவாகப் பார்ப்பாள்.

முதல் ஞாயிறு ஜூன் கடைசியில். ஆர்லீனின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நம் தங்கை நல்லவள், ஆனால் பல்கலைக்கழகம் போகாதவள். "பதமாக", "கொஞ்சம்", "போதும் என்று தோன்றுகிறவரை" என்பவைதான் அவள் அளவைகள். கோதுமையை ஊறவைத்து, வடித்து, முளை ஒரு கோதுமை நீளம் வந்ததும் நிறுத்த வேண்டுமாம். நான் ஒரு நாள் கூடுதலாக விட்டதில் ஒரு சின்னப் புல்வெளி கிடைத்தது. இரண்டாவது தடவை முளை சரியாக வந்தது. அதைக் கையால் சுற்றும் அரவை இயந்திரத்தில் போட்டால், மேசையில் திருகி வைத்த அந்த இயந்திரம் சுற்றவில்லை, மேசைதான் சுற்றியது. நானும் அதன் பின்னாலேயே சமையலறையை வலம் வந்து, ஒரு மணி நேரத்தில் இரண்டு கிண்ணம் மாவு சேர்த்தேன். அதில் ஆளி விதைப்பொடி, பேரீச்சை, உப்பு எல்லாம் கலந்து, கட்டைவிரல் கனத்துக்குத் தட்டி, ஜன்னல்களிலிருந்து பூச்சிவலைச் சட்டங்களைக் கழற்றி, அவற்றில் பரப்பிக் கூரைமேல் வெயிலில் வைத்தேன். ஜன்னலில் வலை இல்லாததால் ஈக்கள் வீட்டுக்குள் வந்தன. வீட்டுக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கூரைக்குப் போயின. ஏணி வழியாக எறும்பு ஏறியது. நான் ஈயை விரட்டக் கூரைக்கு ஏறிய நேரத்தில், பதினோரு குஞ்சுகளோடு ஒரு காடைக் குடும்பம் கூரையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு, என் ரொட்டி வழியாக, அவசரமே இல்லாமல் நடந்து போனது. காலடித் தடங்கள் அப்படியே உலர்ந்துவிட்டன. பார்ப்பதற்கு அலங்காரமாகத்தான் இருந்தது. ஆனால் மேலே ஓடாகக் காய்ந்த அந்த ரொட்டி உள்ளே ஈரமாகவே இருந்து, மூன்றாம் நாள் புளித்து மெதுவாகச் சீறத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் பந்தியில் வைத்தேன்.

இந்தக் குடியிருப்பைத் தொடங்கிய சைரஸுக்கு எண்பத்து நாலு வயது, நாலு பல். ஒரு துண்டைக் கடித்து, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"புரொபசரம்மா, இது ரொட்டியா, பீரா?"

"இப்போதைக்கு ரொட்டி. நாளைக்கு வந்தீங்கன்னா பீர்."

"அப்ப நாளைக்கே வரேன்," என்று துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மற்ற இருபத்தைந்து பேரும் ஆளுக்கு ஒரு கடி கடித்து அதே இடத்தில் வைத்தார்கள்.

இரண்டாவது ஞாயிற்றைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். கனம்தான் பிழை என்று கண்டு, காகிதம் போல் மெலிதாகத் தட்டி, இரண்டு மெல்லிய துணிகளுக்கு நடுவே வைத்துத் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். எறும்பு இல்லை, காடை இல்லை. பிற்பகலில், மெக்சிகோ பக்கத்திலிருந்து ஒரு மைல் உயரத்துக்குப் புழுதிச் சுவர் ஒன்று எழுந்துவந்து, பத்து நிமிடம் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனது. வில்மா வெப்பமானியைக் குத்திப் பார்த்து, "சூடு தொண்ணூத்தி ஒண்ணு, சரியா இருக்கு. மண்ணுதான் ஜாஸ்தி," என்று நோட்டில் குறித்தாள். என் மறுபக்கத்து வீட்டுக்காரனான ரூபன் ஒச்சோவா, "மண்ணும் பச்சைதானே வில்மா, அது என்னிக்கு வெந்துச்சு?" என்றான். பேருந்துப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். மனைவி சொன்னாள் என்று இந்த மதத்துக்கு வந்தான். மனைவி திரும்பிப் போய்விட்டாள். தக்காளிச் செடிகளை விட்டுப்போக மனமில்லாமல் இவன் தங்கிவிட்டான். அன்று தட்டில் பாதிகூடக் குறையவில்லை. கடைவாய்ப் பல்லில் எனக்கு ஒரு சில்லு போனது.

உன் நான்காம் பக்கம் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது. படித்துவிட்டு அதைச் சமையலறைச் சுவரில் குத்தி வைத்தேன். ஒரு ஞாயிறு மிச்சம். அதுவும் போனால் எனக்கு டுலூத்தும் ஜன்னலும் பனி வண்டியும். தம்பி, நான் கண்ணீர் விடுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அன்று மாலை இந்த வீட்டின் பின்வாசலில், எதிரே மைல் கணக்கில் எதுவுமே இல்லாத அந்த வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இதை விட்டுப்போக எனக்கு விருப்பமில்லை என்பதை ஒரு சோதனை முடிவுபோலத் தெளிவாகக் குறித்துக்கொண்டேன். காரணம் கேட்காதே. இங்கே யாரும் என்னிடம், காது கேளாத கிழவியிடம் பேசுவதுபோல், சத்தம் போட்டு ஒவ்வொரு சொல்லாகப் பேசுவதில்லை. அது ஒன்றே போதும்.

வழி சொன்னவன் ரூபன். "புரொபசரம்மா, உங்க வாசல்ல ஒரு பெட்டி சும்மா நிக்குதே, நெருப்பும் இல்லாம கம்பியும் இல்லாம. எறும்பு ஏறாது, காடை வராது, புழுதி புகாது," என்று என் பழைய காரைக் காட்டினான். மே மாதம் பேட்டரி செத்ததிலிருந்து அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான் அவனை ஏறிட்டுப் பார்த்தேன். "என்ன முறைக்கிறீங்க, நாயை உள்ள விட்டுப் பூட்டக் கூடாதுன்னு ஊரே சொல்லுது, ரொட்டியை விடலாம்ல?" என்றான். முப்பத்தெட்டு வருட வேதியியலுக்கு இது தோன்றவில்லை; பேருந்துப் பட்டறைக்குத் தோன்றியது. எழுதி வைத்துக்கொள், இதை நான் இன்னொரு தடவை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அடுத்த நான்கு நாட்களும் நான் வாழ்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். காரின் டேஷ்போர்டில் ஒரு வெப்பமானி, பின்னிருக்கையில் ஒன்று. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடிகளை ஒரு விரல் இறக்கினால் எவ்வளவு, இரண்டு விரல் இறக்கினால் எவ்வளவு, கறுப்புத் தட்டு என்றால் எவ்வளவு, மேலே துணி போட்டால் எவ்வளவு என்று கால் மணிக்கு ஒரு தரம் குறித்தேன். நான்கு கண்ணாடிகளையும் நான்கு விரல் இறக்கி, டேஷ்போர்டில் வெள்ளைத் துணி விரித்தால், சூடு நூற்றுப் பன்னிரண்டுக்கும் நூற்றுப் பதினாறுக்கும் இடையே ஆடாமல் நின்றது. சனிக்கிழமை மாதிரிக்கு நாலு ரொட்டி செய்து பார்த்தேன். நேர்த்தி என்றால் நேர்த்தி. வட்டமாக, சீராக, எந்தப் பாடப்புத்தகத்திலும் படம் போடலாம். இரண்டை வில்மாவுக்கும் ரூபனுக்கும் கொடுத்தனுப்பினேன். கொறிப்பதற்கு, வெள்ளரி போன்ற சுக்கினிக் காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, மிளகாயும் எலுமிச்சையும் அரைத்த சூரியகாந்தி விதையும் பூசி உலர்த்தினேன், அது பின்னிருக்கையில்.

நேற்று காலை எட்டு மணிக்கு முப்பது ரொட்டிகளை உள்ளே வைத்தேன். நண்பகல் வரை கால் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன், நூற்றுப் பதினான்கு. ஒரு மணிக்கு, ஐந்து நிமிடம் கண்ணை மூடுவோம் என்று படுத்தேன். எழுபத்தொன்பது வயதில் ஐந்து நிமிடம் என்பது இரண்டரை மணி நேரம் என்பதை நான் எந்த நோட்டிலும் குறித்து வைத்திருக்கவில்லை.

என்னை எழுப்பியது வாசனை. சுட்ட ரொட்டியின் வாசனை. ஐந்து மாதமாக அது என் மூக்குக்குப் படவில்லை. ஒரு நிமிடம், நான் இறந்துவிட்டேன் என்றும், இறந்தபின் நம்மை நடத்தும் விதம் நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேல் என்றும் தோன்றியது. பிறகு முழங்கால் வலித்தது, ஆகவே இறக்கவில்லை. வாசலுக்கு ஓடினேன், அதாவது நான் ஓட்டம் என்று சொல்லும் அந்தச் செயலைச் செய்தேன். காரின் நான்கு கண்ணாடிகளும் உச்சிவரை ஏறியிருந்தன. டேஷ்போர்டில் விரித்த வெள்ளைத் துணி கீழே கிடந்தது. வெப்பமானி நூற்றுத் தொண்ணூறு காட்டியது. முப்பது ரொட்டிகளும் ஓரம் சிவந்து, நடு உப்பி, பழுப்பாக, கூச்சமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன. முளைகட்டிய தானியத்தில் சர்க்கரை அதிகம், அதனால் குறைந்த சூட்டிலேயே சிவக்கும் என்பதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நேரில் பார்த்தபோது அந்தப் பாடம் அவ்வளவாக இனிக்கவில்லை.

பந்திக்கு அரை மணி நேரம் இருந்தது. வைக்காவிட்டால் மூன்றாவது ஞாயிறும் போயிற்று. வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அது பொய். உண்மையைச் சொல்லி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரிய தட்டில் முப்பதையும் அடுக்கி, சுக்கினி வில்லைகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, பந்தலுக்கு எடுத்துப்போனேன். நான் வளைவு திரும்பும் முன்பே இருபத்தாறு மூக்குகளும் என் பக்கம் திரும்பியிருந்தன.

தட்டை வைத்துவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல நின்று சொன்னேன்: "எல்லாரும் கேளுங்க. இந்த ரொட்டி வெந்துபோச்சு. நான் நாலு விரல் இறக்கி வச்ச கண்ணாடியை யாரோ ஏத்திட்டாங்க. நூத்தித் தொண்ணூறு டிகிரி வரைக்கும் போயிருக்கு. உங்க விதிப்படி இது ரொட்டியே இல்ல."

வில்மா எழுந்தாள்.

"நான்தான் ஏத்தினேன். தெக்கால மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. மழை வந்து ரொட்டி நனைஞ்சிடப் போகுதேன்னு நாலு கண்ணாடியையும் ஏத்தி விட்டேன். தெரியாம பண்ணிட்டேன்."

ஒரு சொட்டு மழை பெய்திருக்கவில்லை. பத்தொன்பது வருடம் பாலைவனத்தில் இருந்தும் சும்மா போகும் மேகத்துக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தியால் என் வீடு போகிறதே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கழுத்திலிருந்த வெப்பமானியைக் கழற்றி ஒரு ரொட்டியில் குத்தினாள்.

"நூத்தி நாலு," என்றாள்.

"அது இப்ப இருக்கிற சூடு வில்மா," என்றேன்.

"பந்தியில வைக்கிறப்ப என்ன சூடோ அதைத்தான் நான் அளக்கிறது. பத்தொன்பது வருஷமா அதான் வழக்கம். அதுக்கு முன்னாடி அது எங்க போச்சு, என்ன பண்ணுச்சுன்னு நான் எதையும் கேட்டதில்ல."

"அப்படின்னா வறுத்த கோழியை ஆற வச்சுக் கொண்டு வந்தா நூத்தி நாலுதான் காட்டும். அதையும் பச்சைன்னு எழுதுவீங்களா? மாவுச்சத்து வெந்தாச்சு. ஆறினா திரும்பி வராது."

"புரொபசரம்மா," என்றான் ரூபன், "நீங்க யார் கட்சி?"

"வேதியியல் கட்சி."

"அந்தக் கட்சிக்கு வீடு வேண்டாமா?"

சைரஸ் கையைத் தூக்கினார். "பெர்னிஸ், கொஞ்சம் உக்காருங்க. உங்களை எதிர்த்துப் பேசறவங்களைவிட நீங்கதான் உங்களுக்கு அதிகமா தொந்தரவு குடுக்கறீங்க. பலகையில என்ன இருக்கு? நெருப்பு கூடாது. இங்க நெருப்பு இருந்துச்சா?"

"இல்ல."

"கம்பி கூடாது. கம்பி?"

"பேட்டரியே செத்துப்போச்சு," என்றான் ரூபன்.

"நாப்பது வருஷமா நான் ஒரே பேச்சுத்தான் பேசிட்டு வரேன், சூரியன் பழுக்க வச்சுக் குடுக்கிறது மனுஷனுக்குப் போதும்னு. இன்னிக்கு அது ரொட்டியைப் பழுக்க வச்சிருக்கு. வேண்டாம்னு திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல. அந்த நூத்திப் பதினெட்டைப் பத்திப் பேச அடுத்த மாசம் கூட்டம் போடலாம். இப்ப தட்டு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

முதலில் எடுத்தவன் ரூபன். அடுத்து, "வாசனை மட்டும் பாக்கறேன்," என்று ஒருவர் எடுத்தார். "ஓரம் மட்டும்," என்று இன்னொருவர். ஆராய்ச்சிக்காக இரண்டு பேர் எடுத்தார்கள். சைரஸ் நாலு பல்லால் மேலோட்டைக் கடித்து, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். எதுவும் சொல்லவில்லை. நல்லவேளை, வாயைத் திறந்திருந்தால் அம்மா, அடுப்பங்கரை, சிறுவயது என்று இருட்டும்வரை ஓடியிருக்கும். இன்னொன்றை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சுக்கினி வில்லைகள் எப்போது தீர்ந்தன என்று யாரும் பார்க்கவில்லை. தட்டில் பத்து ஆனது, ஐந்து ஆனது, ஒன்று ஆனது.

அந்த ஒன்றில் நின்றது, லோவெல். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியுமே, கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள், தட்டிலேயே அது காய்ந்து விறகாகும். அந்த வியாதி மின்னசோட்டாவில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இங்கேயும் அதே. "நீங்க எடுங்க," "இல்ல இல்ல, நீங்க," "எனக்குப் போதும், அவருக்குக் குடுங்க." இருபத்தைந்து பேரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே என்னை டுலூத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செய்தவள் தொடக் கூடாது. நான் மேசைக்கு அடியில் என் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை எதையும் தொடாத வில்மா நோட்டை மூடினாள். "பதிவு பண்றவ ருசி பாக்காம எழுதக் கூடாது," என்று அந்த ரொட்டியை எடுத்து, நின்றபடியே, ஒரு பொடி கீழே விழாமல், முழுதும் தின்று முடித்தாள். பிறகு நோட்டைத் திறந்து, "தட்டு காலி," என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். ரூபன் விசில் அடித்தான். எனக்குச் சற்று நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் வேலை இருந்தது.

ஆகவே, அந்த அறையை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொல். என் கம்பளிக் கோட்டை உன் மனைவிக்குக் கொடு. தோளில் கொஞ்சம் பிரிக்க வேண்டியிருக்கும் என்று நான் சொன்னதாகச் சொல்லாதே. கல்லூரிப் புத்தகங்களை மட்டும் அனுப்பு. பைத்தியக்காரர்களோடு தனியாக விட்டுவிட்டோமே என்று நீ கவலைப்பட வேண்டாம். இவர்கள் பைத்தியங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பொய் சொல்லத் தெரியாத பைத்தியங்கள். இந்த வயதில் இதற்குமேல் நல்ல அண்டைவீட்டார் கிடைக்கமாட்டார்கள். வில்மாவையும் மன்னித்துவிட்டேன், வானிலை என்பது எல்லோருக்கும் விளங்கும் பாடம் இல்லை. அந்தச் சனிக்கிழமை மாதிரியைப்போலவே முப்பதும் வந்திருந்தால் இத்தனை நாடகமே இல்லாமல் தட்டு காலியாகியிருக்கும் என்பது மட்டும் மனத்தில் கொஞ்சம் உறுத்துகிறது.

உன் மனைவியின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். உன் பேரப்பிள்ளைகள் அறிவோடு வளரட்டும். அழகாக வளர்வதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு இரத்த அழுத்தம் இறங்கவும், புல்வெட்டும் இயந்திரம் ஓடவும் வேண்டிக்கொள்ளும்,

உன் மூத்த சகோதரி,
பெர்னிஸ் ஹால்வர்சன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வில்மா வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வெப்பமானியைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "பெர்னிஸ், நேத்து மேகமே இல்ல."

"அப்புறம் எதுக்கு ஏத்தினீங்க?"

"சனிக்கிழமை நீங்க குடுத்த மாதிரியைத் தின்னு பாத்தேன். அட்டை மாதிரி இருந்துச்சு. ரூபன் அவனோடதை மேசைக் காலுக்கு முட்டுக் குடுத்திருக்கான். அதை வச்சீங்கன்னா ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க, நீங்களும் போயிருப்பீங்க. பக்கத்து வீட்ல மறுபடி வெளக்கு இல்லாமப் போறது எனக்குப் பிடிக்கல." எழுந்துகொண்டாள். "அதோட, பத்தொன்பது வருஷம் ஆச்சு பெர்னிஸ்."

நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. ஆனால் மற்ற இருபத்தைந்து பேரும் மதியம் முழுவதும் அதே வானத்துக்குக் கீழேதான் இருந்தார்கள். மேகம் கறுத்து வந்தது என்று அவள் சொன்னபோது ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஆகவே பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடு. என் மாதிரி ரொட்டியைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடு. அறை விஷயத்தை மட்டும் அடிக்காதே.

வாசலில் நின்று வில்மா கேட்டாள்: "வர ஞாயித்துக்கிழமையும் மேகம் போடுமா பெர்னிஸ்?"

நான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். நான்கு திசையிலும் ஒரு பஞ்சுகூட இல்லை.

"போடும்," என்றேன். "ஒரு மணிக்கெல்லாம்."